கடுகு டப்பா கணக்கு

உங்கள் வீட்டு மிக்ஸியின் வாரன்டி கார்டு எங்கே இருக்கிறது?

தேடாதீர்கள். கிடைக்காது. வாங்கிய அன்றைக்கு பீரோவில் பத்திரமாக வைத்திருப்பீர்கள். மிக்ஸி புகைவிட்டு நிற்கிற அன்றைக்குப் பார்த்து அது மட்டும் காணாமல் போயிருக்கும். ஆனால் அந்த கார்டுக்கு இன்னொரு பிரதி உண்டு. மிக்ஸி செய்த கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில், அதுவும் கடன் பக்கத்தில், அது உட்கார்ந்திருக்கிறது. ஆமாம், பாங்க்குக்குக் கடன், இரும்பு சப்ளை செய்தவருக்குக் கடன் என்ற வரிசையில் உங்களுக்கும் ஒரு கடன். 'ஒரு வருஷத்துக்குள் ரிப்பேரானால் இலவசமாகச் சரிசெய்து தருகிறேன்' என்று சொன்னார்கள் இல்லையா, அந்த வாக்குக்கு ஒரு விலை போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

எப்படி விலை போடுவார்கள்? சின்னக் கணக்குதான். ஒரு கம்பெனி இந்த வருஷம் ஒரு லட்சம் மிக்ஸி விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு இரண்டு திரும்பி வரும் என்பது பழைய அனுபவம். ஒன்றைச் சரிசெய்ய 300 ரூபாய். ஆக, 2,000 மிக்ஸிக்கு 6 லட்ச ரூபாய். இந்த 6 லட்சத்தை, ஒரு மிக்ஸி கூட ரிப்பேருக்கு வராத இப்போதே, விற்ற வருஷத்திலேயே செலவு என்று எழுதிவிட வேண்டும். லாபத்தில் 6 லட்சம் குறையும். அடுத்த வருஷம் நீங்கள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது ஆகிற செலவு, அந்த வருஷத்து லாபத்தைத் தொடாது. ஏற்கெனவே ஒதுக்கி வைத்ததில் கழிந்துவிடும்.

பி.காம். படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். 'கொடுபட வேண்டிய செலவு' என்று ஒரு பாடம் வரும். மார்ச் மாதச் சம்பளத்தை ஏப்ரலில் கொடுத்தாலும் அது மார்ச் செலவுதான். கரன்ட் பில்லும் அப்படித்தான். இதில் யாருக்கும் தகராறு இல்லை. ஏனென்றால் பில் வந்தே தீரும், தொகையும் தெரியும். வாரன்டியில் பில் வருமா என்று தெரியாது. யாரிடமிருந்து வரும், எப்போது வரும், எவ்வளவுக்கு வரும், ஒன்றும் தெரியாது. எல்லாம் ஊகம். இதற்குப் பெயர் 'ஒதுக்கு'. ஆபீஸ் பாஷையில் புரொவிஷன்.

ஊகத்தைக் கணக்கில் எழுதலாமா? இந்த ஒரு கேள்விக்காக நம் நாட்டில் சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனியே கவிழ்ந்திருக்கிறது.

முதலில் கல்கத்தாவுக்குப் போவோம். 1940-களின் பிற்பகுதி. கல்கத்தா கம்பெனி லிமிடெட் என்று ஒரு நிறுவனம். நிலத்தை வாங்கி, பிளாட் போட்டு விற்பது தொழில். இன்றைக்கு டிவியில் நடிகர்கள் கூவிக் கூவி விற்கிறார்களே, அதேதான். 'ஆறு மாதத்துக்குள் ரோடு போடுவோம், சாக்கடை கட்டுவோம், விளக்கு வைப்போம்' என்று பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த வருஷம் விற்ற பிளாட்டுகளின் மொத்த விலை 43,692 ரூபாய். கைக்கு வந்தது 29,392 ரூபாய்தான். மீதி பின்னால் வர வேண்டியது. ஆனால் கம்பெனி முழு 43,692-ஐயும் வரவு என்று எழுதியது. 'மெர்க்கண்டைல் முறை' என்று இதைச் சொல்வார்கள். பணம் வந்ததா என்று பார்க்காமல், வர வேண்டியது உறுதியானதுமே வரவு வைக்கிற முறை. வரி இலாகாவுக்கு இதில் பரம சந்தோஷம்.

ஆனால் கம்பெனி கூடவே இன்னொரு வரியும் எழுதியிருந்தது. ரோடு, சாக்கடை, விளக்குக்கு ஆகப்போகிற உத்தேசச் செலவு 24,809 ரூபாய். இன்னும் ஒரு கூடை ஜல்லி கூடக் கொட்டவில்லை. 'செய்யாத வேலைக்குச் செலவா?' என்று வரி இலாகா அடித்துவிட்டது. கல்கத்தா ஹைகோர்ட்டும் கம்பெனிக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது.

1959-ல் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. வாக்குக் கொடுத்த கணத்திலேயே கடமை பிறந்துவிட்டது. தொகையைத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை என்பதால் கடமை இல்லையென்று ஆகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். யோசித்துப் பாருங்கள், நியாயம்தானே? வராத பணத்தை வரவு என்று எடுத்துக்கொண்டு வரி போடுவீர்கள், செய்யாத செலவை மட்டும் செலவில்லை என்பீர்களா?

ஆனால் ரோடு போடுவது நிச்சயமான கடமை. வாரன்டி அப்படியல்ல. மிக்ஸி ரிப்பேரே ஆகாமல் போகலாம். அதனால் 1959-ல் முடிந்திருக்க வேண்டிய சண்டை முடியவில்லை. அது சென்னைக்கு வந்தது.

சென்னையில் ரோட்டார்க் கன்ட்ரோல்ஸ் இந்தியா என்று ஒரு கம்பெனி. இங்கிலாந்துத் தாய்க் கம்பெனியின் இந்தியக் கிளை. இவர்கள் செய்வது ஆக்சுவேட்டர். பெரிய ஆலைகளில் குழாய் வால்வுகளைத் திறந்து மூடுகிற இயந்திரம். நம் வீட்டுக் குழாயைக் கையால் திருகுகிறோம். ஆளுயர வால்வை அப்படித் திருக முடியுமா? அதற்கான மோட்டார் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இடக்கு பண்ணினால் ஆலை நிற்கும். அதனால் வாரன்டி இல்லாமல் யாரும் வாங்க மாட்டார்கள். பொருத்தி ஓடவிட்ட நாளிலிருந்து 12 மாதம், அல்லது அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், எது முந்தியோ அதுவரை பொறுப்பு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்துத்தான் விற்றார்கள்.

1991-92 மதிப்பீட்டு ஆண்டு. வாரன்டிக்காக ரோட்டார்க் எழுதிய ஒதுக்கு 10,18,800 ரூபாய். விற்பனையில் இத்தனை சதவிகிதம் என்று பழைய அனுபவத்தை வைத்துப் போட்டது. அதே சமயம், ஒதுக்கியது நிஜத்தில் ஆன செலவைவிட அதிகமாக இருந்ததால் 5,00,246 ரூபாயைத் திரும்ப வருமானத்தில் சேர்த்துக்கொண்டது. ஆக, வரிக் கணக்கில் கழிக்கச் சொல்லிக் கேட்டது நிகரமாக 5,18,554 ரூபாய்.

அதிகாரி மறுத்தார். நடந்தால் உண்டு, நடக்காவிட்டால் இல்லை என்கிற சந்தேகப் பொறுப்பு இது. செலவு ஆகும்போது வந்து கழித்துக்கொள்ளுங்கள் என்பது வாதம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கம்பெனி பக்கம் நின்றது. வரி இலாகா ஹைகோர்ட்டுக்குப் போனது.

இந்த இடத்தில் அதிகாரியை வில்லன் ஆக்கிவிடாதீர்கள். அவர் பயத்துக்கு அர்த்தம் இருக்கிறது. ஊகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டால் யார் எதை வேண்டுமானாலும் ஒதுக்கிக்கொள்ளலாம். அந்தப் பயம் எவ்வளவு நிஜம் என்று பார்க்க, சென்னை கேஸ் கோர்ட்டில் தூங்கிக்கொண்டிருந்த வருஷங்களில் அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு வரலாம்.

சன்பீம். அமெரிக்கக் குடும்பங்களில் பாட்டி காலத்துப் பெயர். 1930-ல் வந்த 'மிக்ஸ்மாஸ்டர்' அவர்களுடையதுதான். டோஸ்டர், மின்சாரப் போர்வை, தோட்டத்தில் வைத்துக் கறி சுடுகிற கிரில் எல்லாம் செய்தார்கள். 1990-களின் நடுவில் வியாபாரம் தள்ளாடியது. 1996 ஜூலையில் ஆல் டன்லப் என்பவரைத் தலைவராகக் கொண்டுவந்தார்கள்.

டன்லப்புக்குப் பட்டப்பெயர் 'செயின்சா ஆல்'. மரம் அறுக்கிற ரம்பம். காரணப் பெயர்தான். அதற்கு முன்னால் ஸ்காட் பேப்பர் கம்பெனியில் 11,000 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பி, 1995-ல் அந்தக் கம்பெனியையே கிம்பர்லி கிளார்க்குக்கு விற்றுவிட்டு வந்தவர். வால் ஸ்ட்ரீட்டுக்கு அவர் என்றால் உயிர். அவர் சன்பீமுக்கு வருகிறார் என்ற செய்தி கேட்டதுமே, பன்னிரண்டரை டாலரில் கிடந்த பங்கு ஏறக்குறைய பாதி மடங்கு எகிறியது. மனிதர் இன்னும் ஆபீஸ் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை!

நவம்பரில் ரம்பத்தை எடுத்தார். 26 தொழிற்சாலைகள் எட்டாகும்; 12,000 ஊழியர்களில் பாதிப் பேர் போவார்கள். வருஷக் கடைசியில் 'சீரமைப்புச் செலவு' என்று ஒரு மொத்தத் தொகை எழுதப்பட்டது. 33.76 கோடி டாலர். 1996-க்கு சன்பீம் காட்டிய நஷ்டம் 22.83 கோடி டாலர்.

புதுத் தலைவர் வந்ததும் பெரிய நஷ்டமா என்று யாரும் பதறவில்லை. பழைய ஆள் வைத்துவிட்டுப் போன குப்பையைப் பெருக்குகிறார் என்றார்கள். சூட்சுமமே அங்கேதான் இருந்தது. பெருக்கித் தள்ளியதில் குப்பை மட்டும் இல்லை. அடுத்த வருஷம் ஆக வேண்டிய செலவுகளும் இருந்தன. பெட்டியின் டிசைனை மாற்றுவது, ஆட்களையும் இயந்திரங்களையும் இடம் மாற்றுவது, ஆலோசகர் கட்டணம் எல்லாவற்றையும் 1996-ன் தலையில் கட்டினார்கள். ஒரு வழக்குக்கென்று 1.2 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அவ்வளவு தேவையா என்று ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. இப்படி 1996 கடைசியில் பொய்யாக ஏற்றி வைத்தது குறைந்தது 3.5 கோடி டாலர் என்று பின்னால் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் சொன்னது.

இதற்கு அங்கே 'குக்கி ஜார்' என்று பெயர். பிஸ்கட் ஜாடி. நம் ஊராக இருந்தால் கடுகு டப்பா என்றிருப்பார்கள். கையில் காசு இருக்கும்போது அம்மா கொஞ்சத்தை எடுத்து கடுகு டப்பாவில் போட்டு வைப்பார். மாசக் கடைசியில் முடை வரும்போது அதிலிருந்து நோட்டு வெளியே வரும். வீட்டில் இது சாமர்த்தியம். ஆனால் ஊராரிடம் பங்குப் பணம் வாங்கி நடத்துகிற கம்பெனியில் இது மோசடி. ஏனென்றால், டப்பாவிலிருந்து எடுத்த காசை 'இந்த வருஷம் நான் சம்பாதித்தது' என்று காட்டுகிறார்கள். அதை நம்பித்தான் நீங்களும் நானும் பங்கு வாங்குகிறோம்.

1997-ல் டப்பா திறந்தது. அந்த வருஷச் செலவுகள் 1996-ன் ஒதுக்கில் கழிந்தன. லாபம் ஜொலித்தது. அது போதவில்லை என்று, கொட்டுகிற குளிரில் கடைக்காரர்களுக்கு கிரில் விற்றார்கள். தோட்டத்தில் நின்று கறி சுட எவன் டிசம்பரில் வெளியே வருவான்? 'இப்போது வாங்கியதாக எழுதிக்கொள்ளுங்கள், சரக்கு எங்கள் கோடவுனிலேயே இருக்கட்டும், பணம் அப்புறம் கொடுங்கள்' என்று ஏற்பாடு. 18.9 கோடி டாலர் வரிக்கு முந்தைய லாபம் என்று அறிவித்தார்கள். அதில் குறைந்தது 6 கோடி டாலர் கணக்கு மோசடியில் வந்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. 1998 மார்ச்சில் பங்கு 52 டாலரைத் தொட்டது.

கடுகு டப்பாவுக்கு ஒரு குணம் உண்டு. மறுபடி போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் காலியாகிவிடும். 1998-ன் முதல் காலாண்டில் அதுதான் நடந்தது. கடைக்காரர்கள் வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். திரும்பி வரும் சரக்குக்கும் ஒதுக்கு வைத்தாக வேண்டும். எவ்வளவு வைப்பது என்று எப்படித் தெரியும்? திருப்பி அனுப்பக் கடைக்காரர்களுக்குக் கொடுத்த அனுமதிகளின் பட்டியலைப் பார்த்தால் தெரியும். அந்தப் பட்டியல் கம்ப்யூட்டரில் இருந்தது. சன்பீம் என்ன செய்தது தெரியுமா? அந்த அனுமதிகளை கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டது!

இந்தக் கதையில் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் உறுத்துகிறது. 1996-ல் செய்ததை 'எங்கள் ஊகம் அப்படி' என்று சாதிக்க வழியிருந்தது. ஊகம் தப்பாகப் போவது குற்றமில்லை. ஊகத்துக்கு ஆதாரமாக இருந்த பதிவையே அழித்த பிறகு எதைச் சொல்லிச் சாதிப்பது? முதலில் தேவைக்கு மேல் ஒதுக்கினார்கள், பிறகு தேவைக்குக் கீழே ஒதுக்கினார்கள். இரண்டும் ஒரே வித்தைதான்.

1998 ஜூனில் 'பாரன்ஸ்' பத்திரிகை சன்பீம் கணக்கைக் கிழித்துத் தொங்கவிட்டது. அந்த மாதமே, 13-ம் தேதி, டன்லப்பை இயக்குநர் குழு வேலையை விட்டு அனுப்பியது. ஊரையெல்லாம் வேலையை விட்டு அனுப்பியவர். நவம்பரில் திருத்திய கணக்கு வெளிவந்தது. 1997-ன் நிகர லாபம் 10.94 கோடி டாலர் இல்லை, 3.83 கோடிதான். சரி, 1996? இங்கே பாருங்கள் வேடிக்கையை. அந்த வருஷ நஷ்டம் 22.83 கோடியிலிருந்து 20.85 கோடியாகக் குறைந்தது. திருத்தினால் நஷ்டம் குறைகிற கம்பெனியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? டப்பாவில் ஒளித்ததை அதன் உரிய வருஷத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

2001 பிப்ரவரியில் சன்பீம் திவால் மனு கொடுத்தது. கணக்கைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் பங்குதாரர்களுக்கு 11 கோடி டாலர் கொடுத்துக் கைகழுவியது. அடுத்த வருஷம் என்ரான் விவகாரத்தில் அதுவும் மூழ்கியது. டன்லப் 2002-ல் ஆணையத்துக்கு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டினார். பங்குதாரர் வழக்கில் தன் கையிலிருந்து 1.5 கோடி டாலர். இனி எந்தப் பொதுக் கம்பெனியிலும் அதிகாரியாக இருக்கக் கூடாது என்று தடை. 2019-ல் இறந்தார். வேலை போன ஆயிரக்கணக்கான பேருக்கு இதிலெல்லாம் காலணா பிரயோஜனம் கிடையாது.

டன்லப் போன மூன்றே மாதத்தில், 1998 செப்டம்பர் 28 அன்று, அந்த ஆணையத்தின் தலைவர் ஆர்தர் லெவிட் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு உரை ஆற்றினார். கம்பெனிகள் லாபத்தை எப்படியெல்லாம் சமைக்கின்றன என்று பட்டியல் போட்டார். பிஸ்கட் ஜாடியும் பட்டியலில் இருந்தது. எதையெல்லாம் ஜாடியில் போடுகிறார்கள் என்று அவர் சொன்ன உதாரணங்களில் ஒன்று, வாரன்டி செலவு.

இப்போது சொல்லுங்கள். சென்னை அதிகாரியின் பயம் வெறும் பிடிவாதமா?

2007-ல் சென்னை ஹைகோர்ட் வரி இலாகா பக்கம் தீர்ப்புச் சொன்னது. ரோட்டார்க் விடவில்லை. டெல்லிக்குப் போனது. 2009 மே மாதம் நீதிபதிகள் எஸ்.எச்.கபாடியா, அஃப்தாப் ஆலம் அமர்வு தீர்ப்பு வழங்கியது. மறு வருஷம் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆன கபாடியாவேதான். கணக்கில் அவர் புலி என்பது வக்கீல்கள் வட்டாரத்தில் பிரசித்தம்.

தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகம். ஆனால் காரணம்தான் ருசிகரம். ஒரே ஒரு இயந்திரம் செய்து விற்றிருந்தால், அது பழுதாகுமா என்பது சந்தேகப் பொறுப்புதான், கழிக்க முடியாது என்றார்கள். அதிகாரி சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆனால் நுட்பமான சாதனங்களை ஆயிரக்கணக்கில் விற்கும்போது கதை வேறு. எந்த இயந்திரம் கெடும் என்று தெரியாவிட்டாலும், சில கெடும் என்பது தெரியும். வருஷா வருஷம் கெட்டிருக்கிறது, பதிவு இருக்கிறது. அப்போது அது இன்றைய கடமை.

வாரன்டியைக் கணக்கில் எழுத மூன்று வழிகளைக் கோர்ட் எடுத்துப் பார்த்தது. பணம் செலவான பிறகு எழுதுவது ஒன்று. வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்போது எழுதுவது இரண்டு. பழைய அனுபவத்தை வைத்து விற்பனையில் சதவிகிதமாக, விற்ற வருஷத்திலேயே எழுதுவது மூன்று. முதல் இரண்டிலும் விற்பனை ஒரு வருஷத்தில் நிற்கும், அதன் செலவு வேறு வருஷத்தில் நிற்கும். மூன்றாவதுதான் பொருத்தம் என்றது கோர்ட். வாரன்டி என்பது விற்ற விலையோடு ஒட்டிக்கொண்டே பிறப்பது என்பது அதன் பார்வை.

கூடவே நிபந்தனையும் போட்டது. ஊகத்துக்குப் பின்னால் பல வருஷத்து அனுபவமும் ஒழுங்கான கணக்கீடும் வேண்டும். வருஷ முடிவில் ஒதுக்கை மறுபடி எடை போட வேண்டும். மிச்சம் இருந்தால் திருப்பி எழுத வேண்டும். அந்த 5,00,246 ரூபாய் ஞாபகம் இருக்கிறதா? ரோட்டார்க் தானாகவே வருமானத்தில் திரும்பச் சேர்த்த தொகை. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் டப்பாவிலிருந்து எடுத்ததுதான். டன்லப்பும் எடுத்தார், இவர்களும் எடுத்தார்கள். அங்கே எடுத்ததை மறைத்துச் சம்பாத்தியம் என்றார்கள். இங்கே 'முன்பு அதிகமாக ஒதுக்கிவிட்டோம், இதோ மிச்சம்' என்று கணக்கில் தனி வரியாக எழுதிக் காட்டினார்கள். ஐந்து லட்சத்துச் சொச்ச ரூபாய் தகராறு தீர்வதற்கு ஏறக்குறைய பதினெட்டு வருஷம் ஆனது. வக்கீல் பீஸ் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 2016-ல் மத்திய அரசு வரிக்கென்று தனிக் கணக்கு விதிகளை அறிவித்தது. பத்தாவது விதி ஒதுக்குகளைப் பற்றியது. கணக்காளர்களின் பழைய விதியில், செலவு ஆவதற்கு 'வாய்ப்பு அதிகம்' என்றாலே ஒதுக்கலாம் என்று இருந்தது. வரி விதியில் அது 'நியாயமான அளவுக்கு நிச்சயம்' என்று மாறியது. நூற்றில் எத்தனை இருந்தால் நியாயமான அளவு என்பதை விதி சொல்லவில்லை.